நீதிபதிக்கு வோட்டுக் கேட்ட கோடை

1

என் கடைக்குக் காலையில் முதல் ஆளாக வருபவர் மிசியு ழெரார். மொன்றியலின் வில்லரேப் பகுதியில் நான் நடத்துவது ஒரு தெப்பனேர். பால், பாண், பியர், லொத்தர் சீட்டு எல்லாம் விற்கிற மூலைக்கடையை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். கடை தொடங்கிய நாளிலிருந்து அவர் ஒரு பத்திரிகையும் ஒரு கோப்பியும் வாங்கி, காலநிலையைத் திட்டிவிட்டுப் போவார். நாங்கள் கதைப்பது பிரெஞ்சில். அவருடைய பிரெஞ்சு எனக்கு முக்கால்வாசி விளங்கும். மிச்சத்தைத் தலையாட்டிச் சமாளிப்பேன்.

போன வருடம், 2008 ஆடி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் காலநிலையைத் திட்டவில்லை. கோப்பியை மேசையில் வைத்துவிட்டு, "என்ன தேர்தல் வருகிறது?" என்று கேட்டார்.

"தேர்தலா? எனக்குத் தெரியாதே" என்றேன்.

"உன் தங்கச்சி எந்தக் கட்சி?"

என் காதில்தான் பிழை என்று நினைத்துத் தலையாட்டினேன். அவர் விடவில்லை. செயின்ட்-மிஷேலில் இருக்கும் மகள் வீட்டிலிருந்து வந்தாராம். வழி முழுக்கப் புல்லுத் தரையில் பலகை நட்டிருக்கிறதாம். எல்லாவற்றிலும் சுகந்தியின் படமாம். கடைக்கு வரும்போது தன்னோடு சிரித்துக் கதைக்கிற அந்த அவோக்காவை, அதாவது வழக்கறிஞரை, தனக்குத் தெரியாதா என்று கோபித்துக்கொண்டார். "சேலை கட்டியிருக்கிறாள். அழகாக இருக்கிறாள். நான் வோட்டுப் போடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடையை மனைவி ஜெயந்தியிடம் விட்டுவிட்டு வானை எடுத்துக்கொண்டு ஓடினேன். அன்றைக்கு எங்கள் கோயிலில் தேர்த் திருவிழா. கோயிலுக்குத் திரும்பும் தெருவில், நடைபாதைக்குப் பக்கத்துப் புல்லில், என் தங்கச்சி வரிசையாக நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். மேலே தமிழிலும் கீழே பிரெஞ்சிலும் "சுகந்தி நீதிபதி: எங்கள் பிள்ளைகளுக்காக" என்று எழுதியிருந்தது. படத்தில் அவளுடைய தோளில் ஒரு கை இருந்தது. கையின் சொந்தக்காரனை வெட்டி எறிந்திருந்தார்கள். கட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்துத்தான் அது என் கை என்று கண்டுபிடித்தேன். என் மகள் அபி பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியச் சடங்கில் நாங்கள் சேர்ந்து நின்று எடுத்த படம் அது.

சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், முதலில் வந்தது சந்தோஷம்தான்.

2

இதை ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் குழம்பியதுபோல நீங்களும் குழம்பிப்போவீர்கள்.

சுகந்தி 1986 ஆனி மாதத்தில் மொன்றியலுக்கு வந்தாள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். இரண்டு வருடம் முன்னதாக வந்து, உணவகம் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த நான் அவளைக் கூப்பிட்டெடுத்தேன். அவள் வந்து இறங்கிய நாளை நாங்கள் ஒவ்வொரு வருடமும் கொண்டாடுவோம். கொண்டாட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அவள் நகரத்தின் மற்றப் பக்கத்தில், நோத்ர-டாம்-த-கிரேஸில் இருக்கும் தன் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருவாள். ஜெயந்தி புட்டும் நண்டுக் கறியும் வைப்பாள். அபி நண்டைக் கண்டு முகத்தைச் சுளித்துவிட்டுப் பீற்சா எடுப்பிப்பாள்.

போன வருடம் அந்த நாளில் சாப்பிட்டுக் கை கழுவி வந்து சுகந்தி சொன்னாள்:

"அண்ணை, நான் நீதிபதிக்கு விண்ணப்பிச்சிருக்கிறன். பிள்ளையளின்ர வழக்குக் கேக்கிற கோட்டுக்கு."

அவள் வழக்கறிஞராகிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் கோட்டில் தாய்க்கு ஒரு வழக்கறிஞர், தகப்பனுக்கு ஒருவர், பிள்ளைக்குத் தனியாக ஒருவர் நிற்பார்கள். சுகந்தி நிற்பது எப்போதும் பிள்ளைக்காக. வீட்டில் அடி வாங்கிய பிள்ளை, பார்க்க ஆளில்லாத பிள்ளை, களவெடுத்துப் பிடிபட்ட பிள்ளை எல்லாம் அவளிடம் வரும்.

"நல்லது. ஆரைப் பிடிக்க வேணும்?" என்று கேட்டேன்.

கேட்டது பிழையென்று எனக்கு அப்போது தெரியாது. ஊரில் ஒரு வாத்தியாருக்கு இடமாற்றம் வேண்டுமென்றாலும் ஆளைப் பிடித்தே ஆக வேண்டும். ஆளைப் பிடிக்க இன்னொரு ஆளைப் பிடிக்க வேண்டும். நீதிபதிப் பதவி என்றால் எவ்வளவு பெரிய ஆளைப் பிடிக்க வேண்டியிருக்கும் என்று நான் மனதுக்குள் ஓடித் திரிந்தேன். கோயில் தலைவருக்கு ஒரு அமைச்சரின் காரியதரிசியைத் தெரியும் என்று ஒரு கதை உண்டு.

சுகந்தி சிரிக்கவில்லை. "ஒருதரையும் பிடிக்கக் கூடாது. இடம் இருக்கெண்டு அறிவிப்பினம், நாங்கள் விண்ணப்பிக்கிறம், ஒரு குழு கூப்பிட்டுக் கேள்வி கேக்கும். பேந்து அரசாங்கம் நியமிக்கும். ஆர் ஆர் விண்ணப்பிச்சது எண்டது வெளியிலை தெரியக் கூடாது. ஒருதருக்கும் சொல்லாதையுங்கோ அண்ணை."

"ச்சே, நான் ஆருக்குச் சொல்லப்போறன்?" என்றேன்.

நான் சொல்லவுமில்லை. ஜெயந்தி பக்கத்திலேயே இருந்தவள், அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. ஜெயந்தியும் வெளியாட்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், ஒஹாயோவில் இருக்கும் குலத்துக்கு மட்டும் ரெலிபோனில் சொன்னாள். குலம் எங்கள் பெரியம்மாவின் மகன், சொந்தத் தம்பி மாதிரி. 'ஒருதருக்கும்' என்ற சொல்லுக்குள் பெரியம்மாவின் மகன் அடங்குவானா? எங்கள் வீட்டில் அடங்கமாட்டான். இதைச் சுகந்திக்கு விளக்க நான் பிறகு எவ்வளவோ முயன்று பார்த்தேன்.

3

நீதிபதி என்றால் எனக்குத் தெரிந்தது ஊர் நீதவான்தான். அப்பா தபால்காரராக இருந்தார். நீதவானின் விடுதிக்கும் அவர்தான் கடிதம் கொண்டுபோவார். வாசற்கதவில் இருந்த பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியதுதான், உள்ளே போக முடியாது. நீதவான் கலியாண வீட்டுக்கு வரமாட்டார், செத்த வீட்டுக்கும் வரமாட்டார். சந்தையில் காண முடியாது. கார்க் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மூக்கு தெரியும், அவ்வளவுதான். "அந்த மனுசன் ஒருதரோடையும் பழகக் கூடாது, பழகினால் தீர்ப்புச் சொல்லேலாது" என்று அப்பா சொல்வார். அவருக்கு அந்த மூக்கின்மேல் பெரிய பரிதாபம்.

இந்த நாட்டில் நான் பார்த்த முதல் நீதிபதி ஒரு பெண். அதுவும் சுகந்தி வந்த வருடத்தில்தான்.

அவள் வரும்போது நான் கோத்-தெ-நேஷில் நாலு பெடியன்களோடு ஒரே வீட்டில் இருந்தேன். சுகந்திக்கு வரவேற்பறையின் மூலையில் ஒரு துணி கட்டி மறைத்துக் கொடுத்தேன். எல்லாரும் நல்ல பெடியன்கள். அவளை "தங்கச்சி, தங்கச்சி" என்று தாங்கினார்கள். ஆனால் பள்ளிக்கூடத்தில் யாரோ, "வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். இவள் எல்லாரையும் வரிசையாகச் சொல்லியிருக்கிறாள். ஒரு கிழமையில் அரசாங்கத்துப் பெண் ஒருவர் வந்து துணியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு எங்களைக் கோட்டுக்குக் கூப்பிட்டார்கள். நான் செய்த குற்றம் என்னவென்று எனக்கு விளங்கவில்லை. நாட்டைவிட்டு அனுப்பப்போகிறார்கள் என்று நினைத்து என்னிடம் இருந்த ஒரே கோட்டுச் சூட்டை மாட்டிக்கொண்டு போனேன்.

சின்ன அறை. மொழிபெயர்க்க வந்தவர் தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்த ஒரு அம்மா. நீதிபதி என்னிடம் கொஞ்சம் கேட்டார். பிறகு மேசையில் கையை ஊன்றி முன்னுக்குக் குனிந்து சுகந்தியைப் பார்த்து ஏதோ சொன்னார். அந்த அம்மா, "உனக்கு எங்க இருக்கணும்னு ஆசைன்னு கேக்கறாங்கம்மா" என்றார்.

அதுவரை எங்கள் வாழ்க்கையில் ஒருவரும் சுகந்தியிடம் எதையும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அவள் உடனே "அண்ணாவோடை" என்று சொல்லுவாள் என்று காத்திருந்தேன். அவள் யோசித்தாள். கடைசியில் சொன்னாள்:

"அண்ணாவோடை இருக்கத்தான் விருப்பம். ஆனால் அங்கை கொளுக்கி போட ஒரு கதவு இல்லை."

அந்த அம்மா அதைக் குரலைத் தாழ்த்தி மொழிபெயர்த்தார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீதிபதி என்னைத் திட்டவில்லை. தங்கச்சிக்குத் தனி அறையும் உள்ளே பூட்டக்கூடிய கதவும் உள்ள வீடு ஒன்று எடுக்கச் சொன்னார். அதுவரைக்கும் வேறொரு குடும்பத்தில் அவளை வைத்திருந்தார்கள். நான் இரண்டாவது வேலை தேடி, வீடு எடுத்து, கொளுக்கியை என் கையாலேயே பொருத்தினேன். சுகந்தி திரும்பி வந்ததும் கொளுக்கியைப் போட்டுப் போட்டுக் கழற்றிப் பார்த்தாள்.

அந்த அறையில் மேசைக்கு அந்தப் பக்கத்துக் கதிரையில்தான் தான் இருக்க வேண்டும் என்று அவள் எப்போது நினைத்தாளோ தெரியாது. என்னிடம் சொன்னதில்லை. ஆனால் வழக்கறிஞராகச் சத்தியம் செய்த அன்று, "அந்த நீதிபதி ஓய்வெடுத்திட்டாவாம்" என்று மட்டும் சொன்னாள். அதனால் போன வருடம் அவள் விண்ணப்பித்ததாகச் சொன்னபோது, அது வெறும் உத்தியோக உயர்வு இல்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒன்றாவது தெரிந்திருந்தது.

4

குலம் திருவிழாவுக்கென்று ஒஹாயோவிலிருந்து காரில் வந்தான். வந்த கார் பாரத்தில் பின்பக்கம் தாழ்ந்திருந்தது. ஜெயந்திக்கு அரிசி மூட்டை கொண்டு வருகிறான் என்று நினைத்தேன். உள்ளே இருந்தவை பலகைகள். அங்கேயே அச்சடித்துக் கொண்டு வந்திருக்கிறான். பிரெஞ்சு வசனத்தை அவனுடைய மகள் பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்து எழுதிக் கொடுத்திருக்கிறாள். எங்களுக்கு ஆச்சரியம் கொடுக்க வேண்டுமென்று ஒருவருக்கும் மூச்சு விடாமல், விடிய எழும்பி, கோயில் இளைஞர்கள் கொஞ்சப் பேரைச் சேர்த்துக்கொண்டு நட்டுவிட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் அவனைப் பிடித்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் சுத்தியலோடு நின்றான்.

"என்னடா இது?"

"ஏன் அண்ணை, வடிவா இல்லையோ?"

"நீதிபதிக்கு ஆரடா பலகை நடுறது?"

குலம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "அண்ணை, உங்களுக்கு உலகம் தெரியாது. ஒஹாயோவிலை நீதிபதிமார் வோட்டுக் கேட்டுத்தான் வாறவை. போன முறை குடும்ப வழக்கும் சின்னப் பிள்ளையளின்ர வழக்கும் கேக்கிற கோட்டுக்கு ஒரு மனுசி நிண்டவ. என்ரை வீட்டுக் கதவைத் தட்டி, நாயைத் தடவி, குளிர்ப்பெட்டியிலை ஒட்டச் சொல்லி ஒரு காந்தமும் தந்தவ. 'உங்கட புல்லிலை ஒரு பலகை வைக்கலாமோ?' எண்டு கேட்டவ. நான் வைச்சன். வெண்டிட்டா! பலகை இல்லாட்டி சனத்துக்கு எப்பிடி அண்ணை ஆளைத் தெரியும்?"

"சுகந்தி தன்னை நியமிக்கிறது எண்டுதான் சொன்னவள்."

"நியமிக்கிறவங்களுக்கும் கண் இருக்குத்தானே" என்றான் குலம்.

ஒரு நாட்டில் நீதிபதி காருக்குள் மூக்கை மறைத்துக்கொண்டு போகிறார். இன்னொரு நாட்டில் வீடு வீடாகப் போய் நாயைத் தடவுகிறார். இந்த நாட்டில் மூச்சுக் காட்டாமல் விண்ணப்பம் போடுகிறார். ஒரே குடும்பத்து ஆட்கள் நாங்கள் மூன்று நாட்டு நீதியையும் ஒரே தலைக்குள் வைத்துக்கொண்டு எப்படி வாழ்வது?

இதற்குள் தேருக்கு வந்த சனம் என்னைச் சூழ்ந்துகொண்டது. கை தந்தார்கள். ஒரு அம்மா என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். எங்கே வோட்டுப் போடுவது, குடியுரிமை இல்லாவிட்டாலும் போடலாமா என்று கேட்டார்கள். ஒருவர் என்னைத் தள்ளிக்கொண்டு போய், "தங்கச்சி வந்திட்டா எண்டால் என்ரை மருமகன்ரை கேசைப் பற்றி ஒரு சொல்லுச் சொல்லலாம்தானே?" என்று காதுக்குள் கேட்டார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

அபிதான் எல்லாவற்றையும் ஒரே வசனத்தில் முடித்தாள். பதினைந்து வயது, பாவாடை தாவணியில் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றவள் ஒரு பலகையைக் கண்டதும் முகம் வெளிறிப்போனாள். "அப்பா, சுகந்தி மாமிக்கு இனிக் கிடைக்காது" என்றாள் தமிழில். என்னோடு அவள் தமிழில் கதைத்தால் விசயம் பாரதூரமானது என்று அர்த்தம்.

5

சுகந்திக்கு ரெலிபோன் எடுத்தேன். சொன்னேன். ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"எல்லாத்தையும் கழட்டுங்கோ அண்ணை. இண்டைக்கே. ஒண்டும் மிஞ்சக் கூடாது."

"குலம் நல்ல மனதோடைதான்…"

"தெரியும். குலம் அண்ணையைப் பேசாதையுங்கோ. கழட்டுங்கோ."

தேர் இழுக்கிற நேரத்தில் நானும் அபியும் பலகை பிடுங்கிக்கொண்டு திரிந்தோம். குலம் கண்ணீர் விடாத குறையாகப் பின்னால் வந்து, பிடுங்கிய பலகைகளை வானில் அடுக்கினான். ஒவ்வொரு தடவையும் என் கை அவளுடைய தோளில் இருந்தது. பார்த்துப் பார்த்து எனக்கே அந்தக் கைமேல் கோபம் வந்தது.

கடைசியில் குலம் எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒண்டு குறையுது அண்ணை" என்றான். காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று நான் சொன்னேன். அபி ஒத்துக்கொள்ளவில்லை. செயின்ட்-மிஷேலின் பக்கத் தெருக்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினோம். பலகை கண்ணில் பட்டபோது, அது நிற்கக் கூடாத இடத்தில் நின்றது.

அந்த வீட்டுக்காரரைச் சிவநேசன் என்று வைத்துக்கொள்வோம். பெயரை மாற்றியிருக்கிறேன், மாற்றாமல் எழுத இங்கே சட்டம் விடாது. கோழித் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். சில வருடங்களுக்கு முன்பு மகளைப் பெல்ற்றால் அடித்தார். பள்ளிக்கூடத்தில் தழும்பைக் கண்டு, பிள்ளையை வேறு வீட்டில் வைத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைக்காகக் கோட்டில் நின்றது சுகந்தி. சுகந்தி இதைப்பற்றி என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை. சிவநேசன்தான் என் கடைக்குள் வந்து, பால் வாங்க நின்றவர்களுக்கு முன்னால் கத்தினார். "உங்கட தங்கச்சி என்ரை பிள்ளையை எனக்கெதிராக் கதைக்க வைச்சவள். தமிழ்ப் பெண்தானே, ஒரு இரக்கம் இல்லையோ?" என்று கேட்டார். அன்றைக்கு அவர்மேலும் பரிதாபம் வந்தது, அந்தப் பிள்ளைமேலும் வந்தது. இரண்டையும் எப்படி ஒரே நேரத்தில் வைத்திருப்பது என்று தெரியாமல் அவருக்குப் பாலைக் காசு வாங்காமல் கொடுத்தேன். அவர் பாலை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது அவருடைய வீட்டு வாசலில், ஒரு பாய் விரிக்கிற அளவு புல்லில், சுகந்தி சிரித்துக்கொண்டு நின்றாள்.

சிவநேசன் வெளிப்படிக்கட்டில் இருந்து சிகரெட் குடித்துக்கொண்டிருந்தார். நான் வானை விட்டு இறங்கினேன்.

"சிவநேசன், அந்தப் பலகையை எடுக்க வேணும்."

"எடுங்கோ. நான் நட்டதில்லை. உள்ளை இருக்கிறவளைக் கேட்டிட்டு எடுங்கோ."

சத்தம் கேட்டு மகள் வெளியே வந்தாள். அவளைத் தர்ஷினி என்று சொல்லுகிறேன். பதினெட்டு வயதாகிவிட்டது. வீட்டுக்குத் திரும்பி வந்து, படித்துக்கொண்டே ஒரு கார்தெரியில், சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்க்கும் இடத்தில், வேலை செய்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கோயில் தெருவில் நின்ற பலகையைப் பிடுங்கி வந்து இங்கே நட்டவள் அவள்தான்.

"ஏன் எடுக்கிறியள் அங்கிள்?"

"இது பிழையா வைச்சது பிள்ளை. இதாலை தங்கச்சிக்கு வேலை கிடையாமல் போயிடும்."

அவள் நம்பவில்லை. அபி பிரெஞ்சில் விளக்கினாள். இருவரும் படபடவென்று கதைத்தார்கள். தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு, தமிழ்ப் பலகையின் இரண்டு பக்கத்திலும் நின்று பிரெஞ்சில் வாக்குவாதப்பட்டன. நானும் சிவநேசனும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்றும் விளங்காத இரண்டு தகப்பன்மார் என்ற அளவில் அந்த நேரம் நாங்கள் ஒரே கட்சி.

"என்னவாம்?" என்று அபியைக் கேட்டேன்.

"வெளியிலை வைக்க மாட்டாவாம், உள்ளை வைப்பாவாம். ஆனால் பலகையைத் தர மாட்டாவாம்."

நான் சிவநேசனைப் பார்த்தேன். "நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

"நான் சொன்னால் கேக்க மாட்டாள்" என்றார் அவர். "கேக்கப்பண்ண வெளிக்கிட்டுத்தான் கோட்டுக்குப் போனது."

சிகரெட்டை மிதித்து அணைத்துவிட்டு இறங்கி வந்தார். பலகையைக் கிழித்து எறியப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அதை மெதுவாக ஆட்டி ஆட்டி வேரோடு எடுப்பதுபோல் எடுத்தார். பலகையின் காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் சேட்டு நுனியால் துடைத்தார். என்னிடம் தரவில்லை. மகளிடம் கொடுத்தார்.

"எனக்கு உங்கட தங்கச்சியிலை கோவம் போகேல்லை" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "போகாது. அதையும் சொல்லிப்போடுங்கோ."

6

அன்று இரவு சுகந்திக்குச் சொன்னேன். "எல்லாம் எடுத்தாச்சு. ஒண்டு மட்டும் ஒரு வீட்டுக்குள்ளை போயிட்டுது." யாருடைய வீடு என்றும் சொன்னேன்.

"எனக்கு அந்தப் பேரிலை ஒருதரையும் தெரியாது அண்ணை" என்றாள்.

"என்ன கதைக்கிறாய்? நீதானே அந்தப் பிள்ளைக்கு…"

"தெரியாது அண்ணை" என்றாள் திரும்பவும்.

ரெலிபோனை வைத்துவிட்டுக் குழம்பிப்போய் இருந்தேன். இரண்டு வருடம் ஒரு பிள்ளைக்காக நின்றுவிட்டு எப்படித் தெரியாது என்கிறாள்? அந்தப் பிள்ளை இவளை மறக்கவில்லை, இவள் பிள்ளையை மறந்துவிட்டாளா? அபிதான் விளக்கினாள். "மாமிக்குத் தெரியும் அப்பா. தெரியும் எண்டு சொல்ல ஏலாது. சொன்னால் அந்தப் பிள்ளையின்ர கதை வெளியிலை வந்திடும்." அப்பா சொன்ன நீதவானின் மூக்கு எனக்கு நினைவுக்கு வந்தது. என் தங்கச்சியும் கண்ணாடிக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறாள்.

அடுத்த நாள் அவள் தானாகவே அந்தக் குழுவுக்கு நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டாள். ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை, கேட்கவுமில்லை. "பேசாமல் விட்டிருக்கலாமே" என்று நான் சொன்னபோது, "பேசாமல் விடுறவளை அந்தக் கதிரையிலை இருத்தக் கூடாது" என்றாள். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். என்ன கேட்டார்கள் என்று சொல்லவில்லை. பலகையைப் பற்றிக் கேட்டார்களா என்று கேட்டேன். "நடந்ததைச் சொன்னன்" என்றாள்.

பனி விழத் தொடங்கிய பிறகு முடிவு வந்தது. வேறொருவரை நியமித்துவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்லுகிற வழக்கம் இல்லையாம். நல்ல மழை பெய்து நனைந்தால் மழை என்று தெரியும். இது எதில் நனைந்தோம் என்றே தெரியவில்லை. பலகையாலா? அதை அவளே எழுதிக் கொடுத்ததாலா? அல்லது வந்தவர் உண்மையிலேயே அவளைவிடக் கெட்டிக்காரரா? கடையில் நின்று சில்லறை கொடுக்கும்போதெல்லாம் இதைத்தான் யோசித்தேன். மிசியு ழெரார் ஒரு நாள், "தேர்தல் என்ன ஆயிற்று?" என்று கேட்டார். "தோற்றுவிட்டோம்" என்றேன். அதை விளக்க என் பிரெஞ்சு போதாது. என் தமிழும் போதாது.

குலம் ஒஹாயோவிலிருந்து ரெலிபோன் எடுத்து அழுதான். "என்னாலைதானே அண்ணை?" என்று கேட்டான். தெரியாது என்றேன். "இஞ்சை எண்டால் எத்தினை வோட்டாலை தோத்தது எண்டாவது சொல்லுவாங்கள்" என்றான். இந்த விசயத்தில் அவன் சொன்னதில் நான் முழுதாக ஒத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

7

போன கிழமை, சுகந்தி வந்து இறங்கிய அந்த நாள் மறுபடியும் வந்தது. புட்டு, நண்டு, அபிக்குப் பீற்சா. சுகந்தி சிரித்துக் கதைத்தாள். எங்களுக்குள் இருந்த கல்லை ஒருவரும் தொடவில்லை. சாப்பிட்டு முடிய அவளை வீட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்று காரை எடுத்தேன். மெத்ரோவில் போகிறேன் என்றவளை விடவில்லை.

தெருமுனையில் கிழக்குப் பக்கம் திருப்பினேன்.

"அண்ணை, என்ரை வீடு மற்றப் பக்கம்."

"தெரியும்."

ஆனி மாதத்து வெளிச்சம் இன்னும் இருந்தது. சனம் பல்கனிகளில் கதிரை போட்டு இருந்தார்கள். எங்கேயோ ஒரு வீட்டில் இறைச்சி சுட்டார்கள். அந்தத் தெருவுக்குள் நுழைந்து காரை மெதுவாக்கினேன். வாசலில் உள்ள சின்னப் புல்லில் ஒன்றும் இல்லை. மேல்மாடியில், தெருப்பக்கத்து அறையின் யன்னல் கண்ணாடிக்குப் பின்னால், பலகை நின்றது. தர்ஷினி உள்ளே வைக்கிறேன் என்றுதான் சொன்னாள். எந்தப் பக்கம் பார்க்க வைப்பாள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. ஒரு வருடத்து வெயிலில் எழுத்து மங்கியிருந்தது. முகம் நன்றாகத் தெரிந்தது. கீழே, வெளிப்படிக்கட்டில், சிவநேசன் அதே இடத்தில் இருந்து சிகரெட் குடித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டார். எழும்பவில்லை. முகத்தைத் திருப்பவுமில்லை.

சுகந்தி யன்னலைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் என்ன இருந்தது என்று எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. எப்போதுமே தெரிந்ததில்லை.

"உங்கட கை வடிவா விழுந்திருக்கு" என்றாள் கடைசியில். "போவம் அண்ணை."

காரைத் திருப்பினேன். வில்லரேயைத் தாண்டிய பிறகு அவள் சொன்னாள்:

"திரும்ப ஒரு இடம் வருது. நான் விண்ணப்பிக்கப் போறன்."

"ஒருதருக்கும் சொல்ல மாட்டன். ஜெயந்திக்கும் சொல்ல மாட்டன். குலத்துக்குச் சத்தியமாச் சொல்ல மாட்டன்" என்றேன்.

அவள் சிரித்தாள். எனக்குத் திரும்பவும் பயம் பிடித்தது. பலகை வீட்டுக்குள்தான் இருக்கிறது, ஆனால் தெருவைப் பார்க்கிறது. அந்தக் குழுவில் உள்ள யாராவது அந்தத் தெருவால் போனால்? அந்தப் பிள்ளையிடம் போய்க் கேட்டால் மனம் நோகும். கேட்காமல் விட்டால் இவளுக்கு மறுபடியும் இல்லாமல் போகும். ஒரு முறை பிழைவிட்டது போதும்.

"அப்ப, நாளைக்கே போய் அந்தப் பலகையைக் கழட்டச் சொல்லட்டோ?"

சுகந்தி முன்னால் இருந்த சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்குப் பச்சையாகியது.

"எந்தப் பலகை அண்ணை?" என்றாள்.

விளங்கப்படுத்த அபி பக்கத்தில் இருக்கவில்லை. தேவைப்படவுமில்லை. நான் காரை எடுத்தேன்.